நூற்றெட்டுக் கொக்கி

அக்கா, முதலில் அம்மாவிடம் ஒன்று சொல்லிவிடு. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நேற்று நான் கைதவறி அனுப்பிவிட்டு உடனே அழித்த போட்டோவில் என் பேண்ட்டில் இருந்த ரத்தம் என்னுடையது இல்லை. இதைச் சொல்லாமல் ஆரம்பித்தால் நீ பாதி படிப்பதற்குள் அம்மா எனக்கு ஃபோன் போட்டுவிடுவாள். நான் கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறேன். பக்கத்து சீட்டில் ஒரு நேபாளத்துக்காரர் என் தோளில் சாய்ந்து தூங்குகிறார். அதனால் மெதுவாகப் பேசுகிறேன், ஃபோன் எழுதிக்கொள்கிறது. நீ அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

இரண்டாவது விஷயம். காதுகுத்துப் பத்திரிகை அடிப்பவரிடம் ‘தாய்மாமன்’ என்ற இடத்தை இப்போதைக்குக் காலியாகவே விடச் சொல். இதைக் கடைசிவரை படித்துவிட்டு நிரப்பு.

போன புதன்கிழமை லீவு ஃபாரத்தை எடுத்துக்கொண்டு கிரகோரி அண்ணனிடம் போனேன் இல்லையா, அங்கேயிருந்து சொல்கிறேன். கிரகோரி அண்ணன் எங்கள் பேக்கிங் பகுதிக்கு சூப்பர்வைசர். நாற்பத்தாறு வயது, பெரிய மீசை. இங்கே பாசிர் கூடாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர். மாசாய் மாதா கோயிலில் பாட்டுக் குழுவில் இருக்கிறார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஃபாரம் ஆபீசுக்குப் போகும். இந்த மாதத்து லீவுப் பட்டியலை ஆபீசில் திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள். பன்னிரண்டு ஒன்றுக்குப் போனால் அடுத்த மாதம்தான். அடுத்த மாதம் வந்தால் பாப்பாவுக்குக் காது குத்தி முடித்துக் கம்மலும் போட்டிருப்பீர்கள்.

ஃபாரத்தைப் பார்த்ததும் அவர், “என்ன தம்பி இது, பத்து நாளா?” என்றார்.

“காதுகுத்து அண்ணே. எங்க அக்கா மகளுக்கு. நான்தான் தாய்மாமன்.”

“அப்போ ஒரு காதுக்கு அஞ்சு நாளு வருது லா.”

“போக வர ரெண்டு நாளு போயிரும் அண்ணே. குலசாமி கோயிலு வேற அருப்புக்கோட்டையில இருந்து தள்ளி இருக்கு. மொட்டை போடணும், கெடா வெட்டணும்…”

“வேற மாமா யாரும் இல்லையா? ஷிப்டுக்கு ரிலீவர் வர்ற மாதிரி?”

பொய் சொல்ல வரவில்லை அக்கா. “ஒருத்தர் இருக்காரு அண்ணே, பெரியப்பா மகன்,” என்றேன்.

“அப்புறம் என்ன? அவர போட்டுக்க சொல்லு.”

கமலநாதன் அண்ணன் இதற்காகவே பட்டு வேட்டி எடுத்துவிட்டார் என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் நல்லவர்தான். ஆனால் அவர் தூக்குகிற குழந்தை எல்லாம் அழுகிறது. அது மட்டும் இல்லை. பாப்பா பிறந்ததிலிருந்து நான் அவளை ஃபோனில்தான் பார்த்திருக்கிறேன். அவளும் மாமா என்றால் ஒரு ஃபோன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் நீ ஃபோனை அவள் கையில் கொடுத்ததும் என்னை வாயில் வைத்துக் கடித்தாள். அவள் முதல்முதலாக என் மடியில் உட்காருவது அன்றைக்குத்தான் அக்கா. அதை ஒரு ரிலீவருக்கு விட்டுக்கொடுக்க முடியுமா?

இதெல்லாம் மனசுக்குள் சொன்னேன். வெளியே, “சரி அண்ணே,” என்றேன். எனக்குப் பயம் வந்தால் வாயில் ‘சரி அண்ணே’ மட்டும்தான் வரும், உனக்குத் தெரியும்.

அவர் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லவும் இல்லை. “ஞாயித்துக்கிழமை போட்டி முடியட்டும். அப்புறம் மூடு எப்படி இருக்குன்னு பாக்கலாம்,” என்று சொல்லி ஃபாரத்தை நாலாக மடித்து, மேசைக்கு அடியிலிருந்த ஒரு நீலப் பெட்டியில் போட்டு மூடினார். அது அவருடைய மீன்பிடிப் பெட்டி.

இந்தப் போட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலு திராம் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு குளம் இருக்கிறது. வளர்த்து விட்ட கொடுவா மீன் உள்ளே கிடக்கும். வருஷத்துக்கு ஒருமுறை தூண்டில் போட்டி வைப்பார்கள். பிடித்த மீனை எடை போட்டுவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. “குழம்பும் வைக்க மாட்டீங்களா அண்ணே?” என்று ஒரு தடவை கேட்டேன். கோயிலில் செருப்புப் போட்டுக்கொண்டு நுழைந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அவருக்குக் கோப்பை வாங்க வேண்டும் என்றுகூட ஆசை இல்லை. ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற திருச்செல்வம் அண்ணனை ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும். திருச்செல்வம் அண்ணன் மூன்று வருஷமாகக் கோப்பை வாங்குகிறார். வாங்கின மூன்றையும் வீட்டில் வைக்காமல் எங்கள் கேண்டீனில் தண்ணீர்க் குழாய்க்கு மேலே அடுக்கி வைத்திருக்கிறார். கிரகோரி அண்ணன் அதனாலேயே தண்ணீரை வீட்டிலிருந்து கொண்டுவருகிறார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் ஃபோனில் ஏதோ வந்தது. படித்துவிட்டு “அலமாக்” என்று, நம் ஊர் ‘ஐயையோ’ மாதிரி, சொல்லி நாற்காலியில் சாய்ந்தார். குளத்துக்காரர்கள் புது விதி போட்டிருந்தார்கள்.

அவர்கள் புழு, இறால் எதுவும் மாட்டுவதில்லை. லூர் என்று ஒன்று, பிளாஸ்டிக்கில் செய்த பொய்மீன். கண், செதில், வால் எல்லாம் இருக்கும், விரல் நீளம். அதன் வயிற்றில் ஒரு கொக்கி, வாலில் ஒரு கொக்கி தொங்கும். கடையில் வாங்கும்போது ஒவ்வொன்றும் மூன்று முனை உள்ள கொக்கியாக இருக்கும், நம் வீட்டுக் கிணற்றில் வாளி எடுக்கிற பாதாளக் கொலுசு குட்டி போட்ட மாதிரி. அது மீனின் வாயைக் கிழித்துவிடுகிறது, ஆட்களின் கையையும் கிழிக்கிறது. அதனால் இனிமேல் ஒற்றைக் கொக்கிதான் மாட்ட வேண்டும், அதிலும் நுனிக்குக் கீழே பின்பக்கம் பார்த்து நிற்கிற குட்டி முள்ளை நசுக்கிவிட வேண்டும் என்று விதி.

கிரகோரி அண்ணனிடம் பதினெட்டு லூர் இருந்தது. பதினெட்டிலும் மூன்று முனைக் கொக்கி. சனிக்கிழமை அவருக்கு ஷிப்ட், சாயங்காலம் பூசையில் பாட்டு. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“தம்பி தீபன். நாளைக்கு உனக்கு ஓஃப் தானே?”

“சரி அண்ணே.”

“நான் இன்னும் ஒண்ணும் கேக்கல லா.”

பெட்டியை என்னிடம் கொடுத்தார். மூக்கு வளைந்த சின்னக் குறடு ஒன்று, நூறு ஒற்றைக் கொக்கி உள்ள பாக்கெட் ஒன்று. “மூணு கொக்கிய எடுத்துட்டு ஒத்த கொக்கி போட்டுடு. குட்டி முள்ள நசுக்கிடு. அவ்ளோதான். சுலபம். செய்வியா?”

பெட்டிக்குள் என் ஃபாரம் லூர்களுக்கு நடுவில் கிடந்தது. “செய்றேன் அண்ணே,” என்றேன்.

சனிக்கிழமை காலையில் ஹாஸ்டல் கட்டிலில் துண்டை விரித்து வேலையை ஆரம்பித்தேன். அக்கா, சாவிக்கொத்தில் ஒரு சுருள் வளையம் இருக்குமே, நகத்தை விட்டுப் பிரித்தால் நகம் போய்விடும், அதையே கொத்தமல்லி அளவுக்குச் சின்னதாக நினைத்துக்கொள். அந்த மாதிரி முப்பத்தாறு வளையம். பழைய கொக்கியைக் கழற்ற மட்டும் மத்தியானம் ஆகிவிட்டது. கழற்றினதை ஒரு பக்கம் வைத்து எண்ணினேன். முப்பத்தாறு கொக்கி, ஒவ்வொன்றிலும் மூன்று முனை. இப்போது இதற்குப் பதில் போட வேண்டும்.

இங்கேதான் நான் யோசித்தேன். யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

எங்கள் பேக்கிங் பகுதிச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு விதி எழுதியிருக்கிறது. எடுத்த எண்ணிக்கையும் வைத்த எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு பெட்டியில் நாற்பத்தெட்டு மூடிக்குப் பதில் நாற்பத்தேழு மூடி வைத்து ஒட்டிவிட்டேன். கிரகோரி அண்ணன் எல்லார் முன்னாலும் அந்தப் பெட்டியைப் பிரித்து, என்னையே சத்தமாக எண்ண வைத்தார். அதற்கப்புறம் கேண்டீனில் சோற்றுக்கு எடுத்த ஸ்பூனைக்கூட எண்ணித்தான் திரும்ப வைக்கிறேன். அப்படிப்பட்ட மனுஷன் ‘மூணு கொக்கிய எடுத்துட்டு ஒத்த கொக்கி போடு’ என்றால் எத்தனை போடச் சொல்லியிருப்பார்? மூன்று முனை வெளியே போனால் மூன்று முனை உள்ளே வர வேண்டும். மூன்று ஒற்றைக் கொக்கி. ஒன்று மட்டும் போட்டு இரண்டைக் குறைத்தால் எந்த சூப்பர்வைசர் சும்மா விடுவார்?

கணக்குப் போட்டேன். முப்பத்தாறு மூன்று, நூற்றெட்டு.

நூற்றெட்டு என்று வந்ததும் எனக்குச் சந்தேகமே போய்விட்டது அக்கா. தேங்காய் என்றால் நூற்றெட்டு, சங்கு என்றால் நூற்றெட்டு, விளக்கு என்றால் நூற்றெட்டு. தப்பாக இருந்தால் இப்படி ஒரு எண் வருமா? குலசாமியே விடையைச் சரிபார்த்து டிக் அடித்த மாதிரி இருந்தது.

பாக்கெட்டில் நூறுதான் இருந்தது. எட்டு குறைந்தது. கிரகோரி அண்ணன் எண்ணத் தவறிவிட்டார், பாவம் என்று நினைத்துக்கொண்டு, சட்டையை மாட்டி பஸ் ஏறி மாசாய் கடைத்தெருவுக்குப் போனேன். தூண்டில் கடையில் ஒரு சீனப் பெரியவர் இருந்தார். எனக்குத் தெரிந்த மலாயில் கொக்கி கேட்டேன். எத்தனை லூருக்கு என்று கேட்டார். பதினெட்டு என்றேன். வீட்டில் எத்தனை கொக்கி இருக்கிறது என்று கேட்டார். நூறு என்றேன். போதவில்லையா என்று கேட்டார். எட்டு குறைகிறது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். அப்புறம் எட்டுக் கொக்கியை எண்ணி எடுத்துக் கொடுத்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று நான் பஸ்ஸில் முழுக்க யோசித்தேன். என் மலாய் மோசம் என்று நினைத்துவிட்டேன்.

சாயங்காலம் வரைக்கும் மாட்டினேன். ஒரு வளையத்துக்கு மூன்று, ஒரு லூருக்கு ஆறு. நூற்றெட்டுக் குட்டி முள்ளையும் குறடால் நசுக்கினேன். ஒவ்வொன்றையும் துண்டில் குத்தி இழுத்துப் பார்த்தேன், சிக்காமல் வந்தால்தான் அடுத்தது. அந்த வேலையில் மட்டும் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. கையில் வேலை, வாயில் ஒத்திகை. காது குத்தும்போது பாப்பாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிப் பார்க்கிறேன். ‘பாப்பா, அழக்கூடாது. மாமா இருக்கேன்ல. மாமா மடியிலதான இருக்க. இந்தா முடிஞ்சுது, முடிஞ்சுது.’ முடிஞ்சுது என்பதை இரண்டு தடவை சொன்னால்தான் நன்றாக இருக்கிறது.

பெட்டியில் பதினெட்டையும் அடுக்கி, அதற்கு மேலே ஃபாரத்தை அவர் கண்ணில் படுகிற மாதிரி விரித்து வைத்து மூடினேன்.

ஞாயிறு காலையில் கிரகோரி அண்ணன் தன் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டார். “எல்லாம் சரியா செஞ்சிட்டியா?” என்றார்.

“எண்ணிக்கை சரியா இருக்கு அண்ணே.”

“குட். உன்னைய மாதிரி ஆளு நாலு பேரு இருந்தா போதும் லா,” என்று வழியில் நாசி லெமாக், இங்கத்து தேங்காய்ப்பால் சோறு, வாங்கிக் கொடுத்தார். அந்த நேரம் கையெழுத்துக் கேட்டிருந்தால் போட்டிருப்பார். நான் கேட்கவில்லை. சாப்பிடும்போது கேட்டால் மரியாதை இல்லை என்று நினைத்தேன்.

குளத்து வாசலில் பாக் ஹாஷிம் உட்கார்ந்திருந்தார். குளத்தைப் பார்த்துக்கொள்கிற மலாய்க்காரர், சின்ன ஆள், பெரிய தொப்பி. ஒவ்வொருத்தர் பெட்டியாகத் திறந்து கொக்கியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் திருச்செல்வம் அண்ணன் இருந்தார். அவர் பெட்டி பாஸாகிவிட்டது. ஆனாலும் போகாமல் கிரகோரி அண்ணன் பெட்டியைப் பார்க்க நின்றார்.

கிரகோரி அண்ணன் பெருமையாகப் பெட்டியை மேசைமேல் வைத்துத் திறந்தார். பாக் ஹாஷிம் விரலை விட்டு ஒரு லூரை எடுத்தார்.

ஒன்று வரவில்லை அக்கா. பதினெட்டும் சேர்ந்து வந்தது. வழியெல்லாம் கார் குலுங்கியதில் நூற்றெட்டுக் கொக்கியும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு, பெரிய கோயிலில் தொங்குகிற சரவிளக்கு மாதிரி அவர் கையில் எழும்பி ஆடிக்கொண்டு நின்றது. நடுவில் என் லீவு ஃபாரம், நாலு பக்கமும் குத்தப்பட்டு, முருகன் கோயில் காவடியில் அலகு போட்ட மாதிரி.

பாக் ஹாஷிம் ஒரு லூரில் இருந்த கொக்கியை உதட்டை அசைத்து எண்ணினார். ஆறு என்றார். திரும்பவும் எண்ணினார். ஆறு.

“கிரகோரி,” என்றார் திருச்செல்வம் அண்ணன், மிகவும் அக்கறையாக. “இதென்ன, மீன் பிடிக்கவா, இல்ல குளத்துக்கு வேலி போடவா?”

கிரகோரி அண்ணன் மீசை மட்டும் ஆடியது. “தம்பி தீபன்,” என்றார்.

“அண்ணே.”

“ஏன்டா?”

“மூணு எடுத்தா மூணு வெக்கணும்ல அண்ணே. எடுத்ததும் வெச்சதும் ஒண்ணா இருக்கணும்னு நீங்கதான… நாப்பத்தேழு மூடி அண்ணே.”

அந்த நாற்பத்தேழு மூடி அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. திட்டினால் சுவரில் இருக்கிற விதியையே திட்டுவதாக ஆகிவிடும்.

“மாசாய்க்கு பஸ்ஸுல போயி எட்டு கொக்கி வாங்கிட்டு வந்து போட்டேன் அண்ணே,” என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

“பேசாத. தயவு செஞ்சு பேசாத.”

ஒரு வளையத்துக்கு ஒரு கொக்கிதான், மாற்றிக்கொண்டு வாருங்கள், இன்னும் இருபது நிமிஷத்தில் விசில் என்றார் பாக் ஹாஷிம். அவர் நல்ல மனுஷன். வயிற்றுக் கொக்கியின் முனை தலைப் பக்கம் பார்க்க வேண்டும், வால் கொக்கி மேலே பார்க்க வேண்டும், அப்போதுதான் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது என்று லூரைப் பிடித்துக் காட்டியும் கொடுத்தார். நான் மண்ணில் உட்கார்ந்து சரவிளக்கைப் பிரிக்க ஆரம்பித்தேன். விசில் அடிக்கும்போது ஒரே ஒரு லூர்தான் தயாராகியிருந்தது. பச்சை முதுகு, ஆரஞ்சு வயிறு. மற்ற பதினேழும் கோத்துக்கொண்டு கிடந்தன.

கிரகோரி அண்ணன் அந்த ஒன்றைக் கட்டிக்கொண்டு கரைக்குப் போனார். நான் பின்னால் பெட்டியோடு நின்றேன். பக்கத்து இடம் திருச்செல்வம் அண்ணனுக்கு.

“ஒண்ணே ஒண்ணுதானா?” என்றார் திருச்செல்வம் அண்ணன். “பாத்து வீசு. அது போச்சுன்னா அந்த வேலியதான் வீசணும்.”

கிரகோரி அண்ணன் தூண்டில் தடியைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோனார். அப்படியே வீசியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. “நீ உன் வேலைய பாரு லா,” என்று சொல்வதற்காகத் தலையைத் திருப்பிக்கொண்டே வீசினார்.

லூர் தண்ணீருக்குப் போகவில்லை. அவருடைய இடது காது மடலில் போய்த் தொங்கியது.

பச்சை முதுகு, ஆரஞ்சு வயிறு, வெயிலில் பளபளவென்று, பெரிய ஜிமிக்கி மாதிரி. அவர் அசையவே இல்லை. கண்ணை மட்டும் உருட்டி, “தம்பி,” என்றார், “என் காதுல என்ன?”

“லூர் அண்ணே.”

“எவ்ளோ உள்ள போயிருக்கு?”

“அந்தப் பக்கம் வந்திருச்சு அண்ணே.”

அப்போது பக்கத்தில் ‘தொப்’ என்று ஒரு சத்தம். கிரகோரி அண்ணன் காதில் இருந்த ஒரு சொட்டு ரத்தத்தைத் திருச்செல்வம் அண்ணன் பார்த்திருக்கிறார். மூன்று கோப்பை வாங்கின மனுஷன் தன் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து, அங்கிருந்து வழுக்கிப் புல்லில் படுத்துவிட்டார். இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போய் நிழலில் போட்டு, சர்க்கரை அதிகமாகப் போட்டு தே ஓ ஐஸ், அதாவது பால் இல்லாத ஐஸ் டீ, கொடுத்தார்கள்.

பாக் ஹாஷிம் ஓடி வந்தார். அவர் மலாயில் சொன்னது எனக்கு முக்கால்வாசி புரிந்தது. மூன்று முனைக் கொக்கியாக இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், குட்டி முள் இருந்திருந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். இது ஒற்றை, முள்ளும் நசுக்கியாயிற்று என்றால் வந்த வழியே மெதுவாக எடுத்துவிடலாம். முள்ளை ஒழுங்காக நசுக்கினீர்களா என்று கேட்டார்.

“ஒவ்வொண்ணையும் துண்டுல இழுத்துப் பாத்தேன்,” என்றேன். அது ஒன்றைத்தான் தைரியமாகச் சொல்ல முடிந்தது.

“அப்ப நீயே எடு,” என்றார் கிரகோரி அண்ணன். “நீதான மாட்டுன.”

நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவர் புல்லில் படுத்து, தலையை என் மடியில் வைத்தார். பாக் ஹாஷிம் மருந்துத் தண்ணீரை ஊற்றினார். அது ரத்தத்தோடு கலந்து என் பேண்ட்டில் வழிந்தது, அம்மா பார்த்தது அதுதான். எனக்குக் கை கடகடவென்று ஆடுகிறது. அவர் தலையைப் பார்த்தேன். உச்சியில் முடி இல்லை. மொட்டை போட்ட குழந்தை மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் கை ஆட்டம் தானாக நின்றுவிட்டது அக்கா. வாய் தன்பாட்டுக்குப் பேச ஆரம்பித்துவிட்டது.

“பாப்பா, அழக்கூடாது. மாமா இருக்கேன்ல.”

“என்னது?” என்றார் கிரகோரி அண்ணன்.

“மாமா மடியிலதான இருக்க.”

“யாருடா பாப்பா?”

“இந்தா முடிஞ்சுது, முடிஞ்சுது.”

இரண்டாவது முடிஞ்சுதுக்குக் கொக்கி என் கைக்கு வந்துவிட்டது. வழுக்கிக்கொண்டு, சத்தம் இல்லாமல். அவருக்குத் தெரியவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, “எடு, சீக்கிரம் எடு,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். லூரை அவர் மூக்குக்கு முன்னால் ஆட்டிக் காட்டினேன். பாப்பாவுக்குக் கிலுகிலுப்பை ஆட்டுகிற மாதிரி வந்துவிட்டது, வேண்டுமென்று செய்யவில்லை.

அவர் எழுந்திருக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தார். “நீ என்ன சொன்ன இப்போ?” என்றார்.

“ஒத்திகை அண்ணே. அக்கா மகளுக்காக சொல்லிப் பாத்தது. வாயில வந்திருச்சு.”

“ஓ. அந்த லீவா.”

“ஆமாண்ணே.”

“மடியில இப்படிதான் வெப்பாங்களா?”

“படுக்க வைக்க மாட்டாங்க அண்ணே. உக்கார வைப்பாங்க.”

அவர் யோசித்தார். “உன் மடி எலும்பா குத்துதுடா,” என்றார். “அந்தப் பிள்ள பாவம்.” அப்புறம் எழுந்து காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “ஆனா வலிக்கல,” என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக.

காதில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு அதே லூரைக் கழுவித் திரும்பவும் வீசினார். அவ்வளவு நேரமும் அவர் வீசினதும் இழுத்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர் வெடித்தது. தடி வளைந்தது. கிரகோரி அண்ணன் பாட்டுக் குழுவில் மேல் ஸ்தாயி பிடிக்கிற மாதிரி வாயைத் திறந்துகொண்டு பின்னால் சாய்ந்து இழுத்தார். கொடுவா, என் முழங்கை நீளம். ஒற்றைக் கொக்கி வாய் ஓரத்தில் ஒரே இடத்தில் சுத்தமாக மாட்டியிருந்தது. எடை போட்டார்கள், கொக்கியை எடுத்தார்கள், விட்டார்கள். மீன் திரும்பிப் பார்க்காமல் போனது. காலை முழுக்க அவருக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான். முப்பத்தொரு பேரில் ஒன்பதாவதாக வந்தார்.

திருச்செல்வம் அண்ணன் முப்பத்தொன்றாவது. அவர் நிழலைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. எழுந்து தடியை எடுக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் கிரகோரி அண்ணன் அவர் பக்கம் நடந்து போய், காதை லேசாகத் திருப்பி, “வலிக்கல லா,” என்று சொல்லிவிட்டு வந்தார். நாலு தடவை போனார்.

காருக்குத் திரும்பும்போது பதினேழு லூர் சரவிளக்கை அவரே தூக்கிக்கொண்டார். காரின் முன்பக்கத்தில் வைத்து, அதிலிருந்து என் ஃபாரத்தை ஒவ்வொரு கொக்கியாக விடுவித்தார். அவ்வளவு பொறுமையாக அவர் ஒன்றைச் செய்து நான் பார்த்ததில்லை. விரித்துப் பார்த்தார்.

“பத்து நாள் முடியாது. எட்டு நாள் தரேன். போதுமா?”

“சரி அண்ணே,” என்றேன். இந்த முறை நிஜமாகவே சரி. எட்டு நாள் போதும் அக்கா. கிடா வெட்டுக்கு இருப்பேன், சம்பந்தி வீட்டு விருந்துக்குத்தான் இருக்க மாட்டேன்.

பத்தை அடித்து எட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். “ஒண்ணு மட்டும் தம்பி. நான் உன் மடியில படுத்தது கம்பெனியில யாருக்கும் தெரியக்கூடாது.”

சத்தியம் செய்தேன். நாங்கள் கார் ஏறுவதற்குள் பாக் ஹாஷிம் தான் எடுத்த போட்டோவைக் குளத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டுவிட்டார். முள் நசுக்கிய ஒற்றைக் கொக்கியால் எவ்வளவு நன்மை பாருங்கள் என்று எழுதி, என் மடியில் கிரகோரி அண்ணன் கண்ணை மூடிப் படுத்திருக்கிற படம். கீழே இருநூறு இதயம்.

இன்றைக்குப் பதினொன்றரைக்கே ஆபீசுக்குப் போய் நின்றேன். சாந்தினி அக்காதான் லீவுப் பட்டியல் பார்க்கிறார். ஃபாரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சல்லடை மாதிரி வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது.

“என்னங்க இது, இத்தனை ஓட்டை?”

பின்னாலிருந்து கிரகோரி அண்ணன் குரல் வந்தது. “கையெழுத்துல ஓட்டை இல்லையே? அப்ப சீல் போடுங்க.” அவர் காதில் புதுப் பிளாஸ்திரி. சாந்தினி அக்கா அந்தக் காதையும் பார்த்தார், என் மடியையும் பார்த்தார். அவரும் ஃபேஸ்புக் பார்க்கிறவர்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு சீல் போட்டார். பதினொன்று நாற்பத்திரண்டு.

அதனால் இப்போது அந்த இடத்தை நிரப்பச் சொல் அக்கா. தாய்மாமன், தீபன். எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்துக்கொள், போன தடவை உன் கல்யாணப் பத்திரிகையில் என்னைத் தீபா ஆக்கிவிட்டார்கள். கமலநாதன் அண்ணனிடம் பட்டு வேட்டியை வீணாக்க வேண்டாம், அதைக் கட்டிக்கொண்டு அவர் கிடாயைப் பிடித்துக்கொள்ளலாம் என்று பக்குவமாகச் சொல். ஆசாரியிடம் கம்பி ஒற்றைக் கம்பியாகத்தானே இருக்கும் என்று ஒரு வார்த்தை கேட்டு வை. சிரிக்காதே, கேட்டு வை.

அப்புறம் இன்னொன்று, இதை மறக்காதே. என் மடி எலும்பாகக் குத்துகிறது என்று கிரகோரி அண்ணன் இன்றைக்கும் கேண்டீனில் தண்ணீர்க் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டே சொன்னார். பாப்பா உட்காருவதற்கு ஒரு சின்னத் தலையணை வாங்கி வை. பஞ்சு. நானும் இந்த மூன்று வாரத்தில் கொஞ்சம் சாப்பிட்டுத் தேற்றிப் பார்க்கிறேன்.